கீழ்மட்டக் கரும்பலகையும் மேல்மட்டத் திரையும்

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குள் திரை வந்துவிட்டது. 2024-இல் 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை என்றார்கள். ஏறத்தாழ 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி என்றார்கள். ஸ்மார்ட் போர்டு, டேப் என்கிற சொற்கள் இப்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் வாயில் சாக்பீஸ், டஸ்டர் மாதிரிப் புழங்குகின்றன. இந்தக் கட்டுரை திட்டத்தின் வரவுசெலவைப் பற்றியதல்ல. திரை வந்த பிறகு வகுப்பறையில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதுதான் என் அக்கறை. 'டிஜிட்டல் படைப்புக் கருவிகள்' என்று சொல்கிறார்களே, அதில் படைப்பவர் யார்?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சில பள்ளிகளுக்குக் கதை சொல்லப் போய்வருகிறவன் நான். ஆசிரியன் இல்லை. ஒரு நாவலைப் படிக்கிற கண்ணோடுதான் இந்தக் கருவிகளையும் பார்க்கிறேன். எந்தக் கருவியும் தன் முன்னால் உட்காரப்போகிறவரைப் பற்றிய ஒரு கற்பனையோடுதான் உருவாகிறது. சில கருவிகள் கேட்பவரைக் கற்பனை செய்கின்றன, சில செய்பவரை. அந்தக் கற்பனையை எடுத்துப் படித்துக்காட்டலாம் என்று நினைக்கிறேன்.

திரைக்கு முந்தைய ஒரு கருவியிலிருந்து தொடங்க வேண்டும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமாரின் முன்னெடுப்பில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை, ஏணிப்படி முறைதான் அதற்கு ஊற்று. 2007-08-இல் அது மாநிலம் முழுக்கத் தொடக்கப்பள்ளிகளுக்கு வந்தது. அப்போது வகுப்பறைச் சுவர்களின் அடிப்பகுதியில், தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி, சுற்றிலும் கறுப்புப் பட்டை அடித்தார்கள். கீழ்மட்டக் கரும்பலகை என்று பெயர். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பங்கு. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பி கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் வெட்டி ஒட்டியதையும் தொங்கவிட்டார்கள். அதற்குக் கம்பிப் பந்தல் என்று பெயர்.

அந்த முறையில் குறைகள் இல்லாமலில்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஏணிப்படியில் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டிருப்பதிலேயே ஆசிரியரின் நேரம் போனது. "புத்தகம் இல்லாம இது என்ன படிப்பு?" என்று பெற்றோர் கேட்டார்கள். கேட்டதில் நியாயமும் இருந்தது. ஆனால் கீழ்மட்டக் கரும்பலகை என்கிற ஒரு விஷயத்தில் நம் கல்வித்துறை அபூர்வமான ஒன்றைச் செய்தது. எழுதுகிற இடத்தைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கியது. எழுதலாம், அழிக்கலாம், பக்கத்துப் பையனைப் பார்த்து மாற்றி எழுதலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இன்று பழைய கட்டடங்கள் சிலவற்றில் அந்தக் கறுப்புப் பட்டை பாதி வெள்ளையடிக்கப்பட்டு, மீதி பீரோவுக்குப் பின்னால் கிடக்கிறது. அதே சுவரில், பெரியவர்களின் கை எட்டும் உயரத்தில் ஸ்மார்ட் போர்டு. பாதுகாப்புக்காகத்தான் மேலே மாட்டுகிறார்கள், புரிகிறது. விலை உயர்ந்த பொருள், பிள்ளைகள் கை வைத்தால் கீறல் விழும். ஆனால் மாட்டிய உயரமே அது யாருக்கான பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறது.

*

அந்தத் திரையில் என்ன ஓடுகிறது? 2018-இல் புதிய பாடநூல்கள் வந்தபோது பக்க ஓரங்களில் கியூஆர் கோடு வந்தது; 'விரைவுத் துலங்கல் குறியீடு' என்று புத்தகமே அதற்கு ஒரு பெயர் வைத்தது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. 2023-இல் மணற்கேணி செயலி. எல்லாவற்றிலும் உழைப்பு இருக்கிறது. வானம் பார்த்த பூமியில் வளர்கிற ஒரு பிள்ளை கடல் எப்படி அலையடிக்கிறது என்று பார்க்கிறது, விதை முளைவிடுவதை ஒரு நிமிடத்தில் பார்க்கிறது. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு சமாளிக்கும் ஆசிரியருக்கு அது பெரிய ஒத்தாசை. இதை மறுக்கிறவர்கள் அப்படி ஒரு வகுப்பில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

என் புகார் வேறு. இந்தக் காணொலிகளை ஒரு பிரதியாக வைத்துப் பாருங்கள். பேசுவது ஒரு குரல், எப்போதும் பெரியவர் குரல். கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடி பொறுத்து அதுவே பதிலும் சொல்லிவிடுகிறது. பிள்ளைக்குக் கொடுத்திருக்கிற வசனம் "ஆமா டீச்சர்" மட்டும்தான். பாட்டு வந்தால் கூடச் சேர்ந்து பாடலாம், நடனம் வந்தால் ஆடலாம், அதோடு சரி. காணொலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கற்பனை செய்து வைத்திருக்கிற பிள்ளை கைகட்டி உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான். படம் காட்டுகிற வானொலி என்று சொல்லலாம். இதைப் படைப்புக் கருவி என்று அழைப்பது, பால்கோவா கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனைச் சாப்பிட்டவன் என்று சொல்வது மாதிரி.

*

பிள்ளையைச் செய்பவராகக் கற்பனை செய்த கருவிகளுக்கும் ஒரு மரபு இருக்கிறது. 1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் உருவாக்கிய லோகோ மொழியில் பிள்ளைகள் ஓர் ஆமைக்குக் கட்டளை கொடுத்துக் கோடு வரைந்தார்கள். கணினி பிள்ளையை ஆட்டிவைப்பதா, பிள்ளை கணினியை ஆட்டிவைப்பதா என்பதே பேப்பர்ட் வாழ்நாள் முழுக்க மடக்கி மடக்கிக் கேட்ட கேள்வி. 1989-இல் கிரெய்க் ஹிக்மேன் தன் மூன்று வயது மகன் பெரியவர்களுக்கான ஓவிய மென்பொருளில் திணறுவதைப் பார்த்து கிட் பிக்ஸ் என்கிற மென்பொருளை எழுதினார். 2002-இல் பில் கெண்ட்ரிக் தொடங்கிய டக்ஸ் பெயின்ட் அதன் வழிவந்தது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. 2014-இல் வந்தது ஸ்கிராட்ச் ஜூனியர். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் தாங்களே அசையும் கதைகளைச் செய்வதற்கானது. இதுவும் இலவசம், ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டியதில்லை.

இவற்றின் நுட்பம் சின்னச் சின்ன இடங்களில் இருக்கிறது. டக்ஸ் பெயின்டில் படத்தைச் சேமிக்கும்போது அது கோப்புக்குப் பெயர் கேட்பதில்லை. எழுதத் தெரியாத பிள்ளையிடம் பெயர் கேட்டால் அது பக்கத்தில் இருக்கும் பெரியவரைத்தான் தேடும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது. படங்கள் சின்னச் சின்னதாக வரிசையில் நிற்கும், தன் படத்தைப் பிள்ளை பார்த்தே எடுத்துக்கொள்ளும். ஸ்கிராட்ச் ஜூனியரின் கட்டளைக் கட்டைகளில் சொற்களே கிடையாது. அம்புக்குறிதான், வலப்பக்கம் போ, குதி, பெரிதாகு. ஆங்கிலம் தெரியாதது அங்கே ஒரு குறையே இல்லை. ஒரு கதைக்கு நான்கு பக்கம்தான், அதற்கு மேல் சேர்க்க முடியாது. ஆறு வயதுக்காரி ஒரு கதையைத் தொடங்கி முடிக்க நான்கு பக்கம் சரியான அளவு. கீழ்மட்டக் கரும்பலகையை அடித்தவர்களுக்கு இருந்த அதே புத்தி இது: பிள்ளையின் கை எட்டுகிற உயரத்தில் வைப்பது.

ஒரு பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஸ்கிராட்ச் ஜூனியரைத் திறந்ததும் வந்து நின்ற பூனையை அழித்தாள். "எங்க வீட்டு நாய வரையப்போறேன்" என்றாள். ராஜபாளையத்தில் நாய் என்றால் வேறென்ன, வெள்ளை நாய்தான், மூக்கு மட்டும் இளஞ்சிவப்பு. வரைந்து வெள்ளை நிறத்தைக் கொட்டினாள். பக்கமும் வெள்ளை, நாயும் வெள்ளை. மெல்லிய ஓரக்கோடு மட்டும் மிச்சம். "நாயக் காணோம் சார்!" கூட இருந்த மூன்று பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாயைக் கறுப்பாக்கு என்றான் ஒருவன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அவளே பின்னால் இருக்கிற இடத்துக்குச் செம்மண் நிறம் அடித்தாள். நாய் எழுந்து நின்றது. ஒரு பொருளைக் காட்ட அதைச் சுற்றியிருப்பதை வரைய வேண்டும் என்பது ஓவியக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிற பாடம். இங்கே யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தவறினால் திரும்ப வரலாம் என்கிற வசதி இருந்தது, பிடிவாதமாக இருக்க அவளுக்கு ஒரு காரணம் இருந்தது.

*

இந்தக் கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னாலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் உதிக்கும் சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு சரிவுக் கூரை வீடு. இந்த ஊரில் மலை இருப்பது மேற்கே. மலைக்குப் பின்னால் சூரியன் போகத்தான் செய்யும், வராது. தினமும் சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகிற பிள்ளை, தாளைப் பார்த்ததும் தன் கண்ணை மறந்துவிடுகிறது. யாரோ எங்கேயோ போட்ட அச்சு அதன் கைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

டிஜிட்டல் கருவி இந்த நோயை இன்னும் வேகமாகப் பரப்பும். ஸ்கிராட்ச் ஜூனியரில் ஆயத்தப் பின்னணிகள் இருக்கின்றன: பண்ணை, நிலவு, பனிப் பிரதேசம். டக்ஸ் பெயின்டில் ஒட்டுவதற்கு முத்திரைப் படங்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஆயிரக்கணக்கான நல்ல ஓவியங்கள் கிடைக்கின்றன, அவற்றை அடுக்கித் தமிழில் யாரும் படக்கதை செய்யலாம். வாசிப்புக்கு அது பெரிய புதையல். ஆனால் ஒரு பிள்ளை எடுத்து ஒட்டுவதையே வரைவது என்று நம்பத் தொடங்கினால், சத்திரப்பட்டியின் பேண்டேஜ் தறியும் தளவாய்புரத்து நைட்டிக் கட்டும் ஒருநாளும் அதன் கதைக்குள் வராது. எந்த முத்திரைப் பெட்டியிலும் அவை இல்லை. அதனால் நான் பார்த்தவரை கெட்டிக்கார ஆசிரியர்கள் ஒரு சின்ன விதி வைத்துக்கொள்கிறார்கள்: முதல் நாள் வெற்றுப் பக்கம் மட்டும். ஆயத்தப் படங்களின் பெட்டியை அப்புறம் திறந்தால் போதும்.

வெற்றுப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு காட்சி. டக்ஸ் பெயின்டில் இடப்பக்கம் இழுக்கிற கோடு வலப்பக்கமும் தானாக விழுகிற ஒரு மாயத் தூரிகை உண்டு. நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் ஆண்டாள் கோயில் கோபுரத்தை வரைந்தான். பதினொரு நிலைக் கோபுரம், 192 அடி, ஊரில் எங்கே நின்றாலும் தெரியும். அரசு முத்திரையில் இருப்பது எங்க ஊர்க் கோபுரம் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. அவனும் அதைச் சொல்லிக்கொண்டுதான் வரைந்தான். பாதிக் கோபுரம் வரைந்தால் முழுக் கோபுரம் வந்ததில் அவனுக்கு அவ்வளவு சிரிப்பு. பிறகு உச்சியில் ஒரு காக்காவை வைத்தான். இரண்டு காக்கா வந்தது. "ஒரு காக்காதான் சார் உக்காந்திருந்துச்சு" என்றான். அழித்தான், மாயத் தூரிகையை விட்டுச் சாதாரணத் தூரிகைக்கு மாறினான், ஒற்றைக் காக்காவை வரைந்தான். கருவி கொடுப்பதை எங்கே வாங்கிக்கொள்வது, எங்கே மறுப்பது என்று அவனுக்கு அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. டிஜிட்டல் கல்வி என்று எதையாவது சொல்வதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

*

இந்த வட்டாரத்தில் படத்தை விடவும் முக்கியமான ஒன்று குரல். தெலுங்கு பேசுகிற வீடுகள், கரிசல் தமிழ் பேசுகிற வீடுகள், மலையடிவாரத்துத் தோப்பு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகள் ஒரே வகுப்புக்கு வருகிறார்கள். வீட்டில் "எங்கம்மா தறியில நிக்கா" என்று பேசுகிற பிள்ளை, பள்ளியில் "என் அம்மா தறியில் நிற்கிறார்" என்று எழுத வேண்டும். நடுவில் இருக்கிற தூரத்தைப் பிள்ளை தனியாகத்தான் கடக்கிறது. கடக்க முடியாதது வாய்மூடி உட்கார்ந்துவிடுகிறது. நாம் அதை 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் சேர்க்கிறோம். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அந்தச் சொற்களைப் பேசுகிற பிள்ளைக்கு வகுப்பறையில் இடம் போதவில்லை. ச. மாடசாமி தன் புத்தகத்துக்கு 'எனக்குரிய இடம் எங்கே?' என்று வைத்த தலைப்பு இன்னமும் பதிலுக்குக் காத்திருக்கிறது.

இங்கேதான் டேப் உருப்படியாக ஒரு வேலை செய்ய முடியும். களிமண்ணாலும் சாக்பீஸாலும் முடியாத வேலை அது. ஸ்கிராட்ச் ஜூனியரில் ஒரு பாத்திரத்துக்குப் பிள்ளை தன் குரலையே பதிவுசெய்து வைக்கலாம். தறி ஓடுகிற வீட்டுப் பையன் ஒருவன் தறிச் சத்தத்தை வாயாலேயே போட்டான், அதன் மேல் அவன் அம்மா கத்திக் கூப்பிடுகிற மாதிரி ஒரு வசனம். தறி ஓடும்போது கத்தித்தானே பேச முடியும். அதைத் திரும்பப் போட்டுக் கேட்டதும் வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். பிறகு டீச்சர், "அவுக சொன்னத எழுதிப் பாப்பமா?" என்று கேட்டார். பேசியதைக் கரும்பலகையில் அப்படியே எழுதினார்கள். அதன் கீழே புத்தகத் தமிழில் ஒருமுறை. இரண்டும் அடுத்தடுத்து நின்றன, ஒன்றும் மற்றொன்றை அடிக்கவில்லை. எழுத்து என்பது தன் பேச்சிலிருந்து கிளம்பி வருகிற ஒன்று என்பதை அந்தப் பையன் முதல்முறையாகப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

*

மறுப்புகள் வரும், வர வேண்டும். பிள்ளைகள் வீட்டில் செல்போனே கதியென்று கிடக்கிறார்கள், பள்ளியிலுமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். உலகமும் யோசிக்கத் தொடங்கிவிட்டது. 2023-இல் யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி வகுப்புக்குள் வருகிறது என்று கேட்டது. அதே ஆண்டு சுவீடன் அச்சுப் புத்தகத்தின் பக்கம் திரும்பியது. பெரு நாட்டில் பிள்ளைக்கொரு மடிக்கணினி கொடுத்த பெருந்திட்டத்தை ஆராய்ந்தவர்கள், கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் தெரியவில்லை என்று 2012-இல் எழுதினார்கள். பொருளைக் கொடுத்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும் என்று நம்பினால் அப்படித்தான் ஆகும்.

இந்த எச்சரிக்கைகளை நான் முழுக்க ஏற்கிறேன். களிமண்ணில் செய்ய முடிவதைத் திரையில் செய்யக் கூடாது. கோலத்தைத் தரையில் போடட்டும், விதையைத் தொட்டியில் நடட்டும். குரல், அசைவு, அழித்துத் திரும்ப வருதல் என்று திரையால் மட்டும் ஆகிற வேலைக்கு மட்டும் திரை. வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். இருபது பிள்ளைகளுக்கு ஒரு டேப் என்பதும் குறையில்லை. நான்கு பேர் கொண்ட குழு முதலில் தரையில் உட்கார்ந்து நான்கு கட்டம் போட்டுக் கதையைத் திட்டமிடட்டும், பிறகு முறைவைத்து டேப் வாங்கட்டும். ஒரு டேப் இருப்பதால்தான் பேச்சும் சண்டையும் சமாதானமும் நடக்கின்றன. வீட்டில் அதே பொருள் பார்க்க மட்டும் வைக்கிறது. செய்யவும் முடியும் என்று காட்ட பள்ளியை விட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு இடமில்லை.

ஆனால் அந்த டேப் இப்போது எதற்குப் பயன்படுகிறது? 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் தொடங்கியது. கொரோனாவால் விழுந்த இடைவெளியை அடைக்க அது தேவைப்பட்டது. படித்தல் களம், படைப்புக் களம் என்று வகுப்பறையையே பிரித்த அதன் யோசனையும் நல்லது. ஆனால் நடைமுறையில் டேப் என்பது பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று பதிவதற்கான கருவியாக நிற்கிறது. எமிஸ் பதிவேற்ற வேலையிலிருந்து எங்களை விடுவியுங்கள் என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆசிரியர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், பிள்ளையைப் பார்க்காத நேரம்தானே. பிள்ளையின் பக்கமிருந்து பார்த்தால் இன்னும் மோசம். டேப் வெளியே வருகிறது என்றால் அதற்குப் பரீட்சை என்று அர்த்தம். செம்மண் நடுவில் நின்ற வெள்ளை நாய்க்கு அந்தச் செயலியில் ஒரு கட்டம் கூடக் கிடையாது. எதைப் பதிகிறோமோ அதற்குத்தான் வகுப்பில் நேரம் கிடைக்கும். அதனால் பதியாதது மெல்ல மெல்ல நடக்காததாகவும் ஆகிவிடும்.

படைப்புக்கும் ஒரு மதிப்பெண் கட்டம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படிப் போட்டால் அடுத்த வருடமே எல்லாப் பிள்ளையும் ஒரே நாயை வரையும். நான் கேட்பது இடம். வாரத்தில் ஒரு பாடவேளை டேப் பதிவேட்டு வேலையிலிருந்து விடுபட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போக வேண்டும். அன்றைக்கு அவர்கள் செய்த கதைகள் பெரிய திரையில் ஓட வேண்டும். கம்பிப் பந்தலில் காகிதம் தொங்கிய இடத்தில் இன்று திரை தொங்குகிறது. அதே வேலையை அதுவும் செய்யட்டும். இரண்டுக்கும் புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை. பொருள்கள் வந்துவிட்டன, மென்பொருள்கள் இலவசம்.

இதை அரசாணைக்காகக் காத்திருக்காமல் ஊரிலேயே தொடங்க ஒரு வழி உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தறியில் நிற்கிற அம்மாக்களும் அதில் உறுப்பினர்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, சத்துணவில் முட்டை சரியாகப் போடுகிறார்களா என்று அந்தக் கூட்டத்தில் கேட்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அடுத்த கூட்டத்தில் இன்னும் ஒன்றையும் சேர்த்துக் கேட்கலாம்: "இந்த மாசம் எம்புள்ள அந்தத் திரையில என்ன செஞ்சான்? போட்டுக் காட்டுங்க, பாப்போம்."